சில காலைகளில் மட்டும் 3045: பலர் பாவிக்கும் ஆக்செஸ் தரவுத்தளம் பூட்டிக்கொள்கிறது, யாராவது உதவுங்கள்

உள்துறைமுகம் | திங்கள், மு.ப. 11.20

வணக்கம். திருகோணமலை நகருக்குள் ஒரு மீனவர் கூட்டுறவுச் சங்கக் கந்தோரில் வேலை செய்கிறேன். அங்கத்தவர் விவரம், கடன், தவணை, பற்றுச்சீட்டு எல்லாமே ஒரு மைக்ரோசொஃப்ட் ஆக்செஸ் தரவுத்தளத்தில் இருக்கின்றன. முன்பு இங்கே இருந்த ஒருவர் செய்து தந்தது. அவர் இப்போது வெளிநாட்டில். எட்டுக் கணனிகள். மூலையில் இருக்கும் கணனியில் ஒரு பொது ஃபோல்டர். அதற்குள் தரவுக் கோப்பு ஒன்று, படிவங்கள் உள்ள கோப்பு ஒன்று. எல்லோருடைய டெஸ்க்டாப்பிலும் அந்தப் படிவக் கோப்புக்கு ஷார்ட்கட் இருக்கிறது.

சில நாள் காலையில் திறந்தால், கோப்பு ஏற்கனவே பாவனையில் உள்ளது என்று 3045ஆம் இலக்கப் பிழை வருகிறது. ஒன்றிரண்டு கணனிகளில் திறக்கும், ஆனால் வாசிக்க மட்டும்தான் விடும், தவணை பதிய முடியாது. மூலைக் கணனியை ரீஸ்டார்ட் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். சில வேளை அதற்கும் மசியாது. சரியானதும் நாள் முழுக்க ஒரு குறையும் இல்லாமல் ஓடும். அடுத்த நாளும் ஓடும். பிறகு திடீரென்று ஒரு காலை மறுபடி அதே பிழை.

காலையில்தான் கடலால் வந்தவர்கள் மீன் விற்ற காசோடு தவணை கட்ட வருவார்கள். இரவு முழுக்க நித்திரை இல்லாதவர்கள். அவர்களை வாங்கில் இருத்திவைக்க மனம் வரவில்லை. கையால் பற்றுச்சீட்டு எழுதிக் கொடுத்துப் பிறகு பதிந்தால் இலக்கங்கள் முன்பின் ஆகின்றன, கணக்காய்வில் கேள்வி வருகிறது.

கணனி திருத்தும் கடையில் கேட்டேன். ஃபோல்டருக்குள் லாக் கோப்பு என்று ஒன்று இருக்கும், அதை அழித்துவிடுங்கள் என்றார்கள். செய்யலாமா?


கன்னியா | திங்கள், மு.ப. 11.42

அழிக்க வேண்டாம். அழிக்க முயன்றால் விண்டோஸ் விடாது, விட்டால் அழித்துப் பயன் இல்லை. விவரம் தெரிந்தவர்கள் வந்து சொல்லுவார்கள், அதுவரை கை வைக்காதீர்கள்.


நிலாவெளி | திங்கள், பி.ப. 1.05

கன்னியா சொன்னது சரி. ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த லாக் கோப்பைப் பற்றித்தான் எல்லோரும் பிழையாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

தரவுக் கோப்பை முதல் ஆள் பொதுமுறையில், அதாவது மற்றவர்களும் கூடவே பாவிக்கும்படி, திறந்தவுடன், அதே ஃபோல்டரில் அதே பெயரில் ஒரு சிறிய கோப்பு உருவாகும். பழைய எம்.டி.பி. கோப்பாக இருந்தால் அதன் பின்னொட்டு எல்.டி.பி.; ஆக்செஸ் 2007உடன் வந்த புதிய வடிவமாக இருந்தால் எல்.ஏ.சி.சி.டி.பி. உள்ளே வருகிற ஒவ்வொருவருக்கும் அதில் 64 பைட் இடம்: 32 பைட்டில் கணனியின் பெயர், 32 பைட்டில் பயனரின் பெயர். கடைசி ஆள் வெளியே போனதும் அது தானாக அழிந்துவிடும். கோயில் வாசலில் கிடக்கிற செருப்பைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று செருப்பு சொல்லும். செருப்பைத் தூக்கி எறிந்தால் உள்ளே இருப்பவர் வெளியே வந்துவிட மாட்டார்.

உண்மையான பூட்டை வைத்திருப்பது மூலைக் கணனியின் விண்டோஸ். ஆகவே லாக் கோப்பை அழிக்க முடிகிறது என்றால் யாரும் உள்ளே இல்லை என்று அர்த்தம். அழிக்க முடியவில்லை என்றால் யாரோ இருக்கிறார்கள். அந்த அளவுக்கு மட்டும் அது ஒரு நல்ல சோதனை.

இனி உங்களிடம் சில கேள்விகள். ஆக்செஸ் எந்த ஆண்டு வெளியீடு? மூலைக் கணனியில் என்ன விண்டோஸ்? எல்லோரும் வயரில் இணைந்திருக்கிறார்களா, வைஃபையிலா? பிழை வருகிற நேரத்தில் மூலைக் கணனியிலேயே திறந்தால் திறக்கிறதா? அந்த ஃபோல்டர் ஒன் டிரைவ், டிராப்பாக்ஸ் போன்ற எதனுடனாவது சேர்ந்து ஓடுகிறதா?


உள்துறைமுகம் | திங்கள், பி.ப. 2.30

நன்றி அண்ணா. ஆக்செஸ் 2016. மூலைக் கணனியில் விண்டோஸ் 10 ப்ரோ. எல்லாம் வயர்தான், முகாமையாளரின் லாப்டொப் மட்டும் வைஃபை. அவர் இந்தத் தரவுத்தளத்தைத் திறப்பதே இல்லை. பிழை வரும்போது மூலைக் கணனியிலும் அதே பிழைதான். ஒன் டிரைவ் எதுவும் இல்லை.


சீனன்குடா | திங்கள், பி.ப. 4.10

தம்பி, உள்துறைமுக வீதிப் பக்கம் என்றால் முதலில் வயரைப் பாருங்கள். கடற்காற்று படுகிற இடம். ஆர்.ஜே. 45 முனைகளைக் கழற்றிப் பார்த்தால் பித்தளைப் பாத்திரத்தில் பிடிக்கிற பச்சை அதிலும் பிடித்திருக்கும். நெட்வொர்க் ஒரு கணம் விட்டு வந்தாலே ஆக்செஸுக்குப் பொறுக்காது. அடுத்தது கரண்ட். மாரி தொடங்கினால் இங்கே கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. கணனிகளுக்கு யூபிஎஸ் வைத்திருப்பார்கள், வயர்கள் எல்லாம் வந்து சேர்கிற நெட்வொர்க் சுவிட்ச் பெட்டிக்கு வைத்திருக்க மாட்டார்கள். கரண்ட் போனால் எட்டுக் கணனியும் உயிரோடு இருக்கும், நடுவில் இருக்கிற சுவிட்ச் செத்துவிடும். எழுதிக்கொண்டிருந்த பதிவு பாதியில் நிற்கும்.


மூதூர் மணல் | திங்கள், பி.ப. 6.25

எனக்கு இது ஃபோல்டர் அனுமதி போலத் தெரிகிறது. நான் வேலை செய்த ஒரு கந்தோரில் இதே கதை. தரவுக் கோப்பின் மீது எல்லோருக்கும் எழுதும் அனுமதி இருந்தது, ஃபோல்டர் மீது இல்லை. ஃபோல்டரில் அனுமதி இல்லாதவர் முதலில் திறந்தால் அவரால் லாக் கோப்பை உருவாக்க முடியாது. லாக் கோப்பு இல்லாமல் ஆக்செஸால் பலரைச் சமாளிக்க முடியாது, ஆகவே வாசிக்க மட்டும் விடும் அல்லது மற்றவர்களைத் தடுத்துவிடும். அனுமதி உள்ளவர் முதலில் திறந்தால் அன்றைக்கு எல்லாம் சுகம். யார் முதலில் வருகிறார் என்பதைப் பொறுத்து நாளுக்கு நாள் மாறும்.

ஃபோல்டரில் வலது கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் போய், ஷேரிங், செக்யூரிட்டி இரண்டு இடத்திலும் பாருங்கள். எல்லோருக்கும் செக்யூரிட்டியில் மோடிஃபை, ஷேரிங்கில் சேஞ்ச் இருக்க வேண்டும். வாசிக்க, எழுத மட்டுமல்ல, உருவாக்கவும் அழிக்கவும் முடிய வேண்டும். ஷேரிங்கில் ஒன்று, செக்யூரிட்டியில் ஒன்று என்று இருந்தால் இரண்டில் இறுக்கமானதுதான் செல்லும்.


நிலாவெளி | திங்கள், பி.ப. 8.50

சீனன்குடா அண்ணைக்கு மரியாதையோடு ஒன்று. நீங்கள் சொன்ன இரண்டும் உண்மையான ஆபத்து, நானும் எல்லோரிடமும் சுவிட்சுக்கு யூபிஎஸ் வைக்கச் சொல்வேன். ஆனால் அது வேறு வியாதி. நெட்வொர்க் அறுந்தால் வருவது 3043, கோப்பே கெட்டுப்போனால் வருவது 3343, அதாவது இது என்ன வடிவக் கோப்பு என்றே எனக்குத் தெரியவில்லை என்கிற பிழை. 3045 வந்தால் கோப்பு நலமாக இருக்கிறது, யாரோ பிடித்திருக்கிறார்கள். கதவு பூட்டியிருக்கிறது என்றால் கதவைத் திருத்தக் கூடாது, யார் பூட்டினார் என்று பார்க்க வேண்டும். வயரை மாற்றிச் செலவழித்த பிறகும் இதே பிழை வந்தால் சங்கத்துக் காசு வீண்.

மூதூர் அக்கா சொன்னது இந்த அறிகுறிகளுக்கு நன்றாகப் பொருந்துகிறது. அதை இன்றே பார்த்துவிடுங்கள்.

அனுமதி சரியாக இருந்தால், அடுத்த முறை பிழை வரும் காலையில் எதையும் ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். ரீஸ்டார்ட் செய்தால் தடயம் அழிந்துபோகும். லாக் கோப்பை உங்கள் டெஸ்க்டாப்புக்கு நகல் எடுத்து நோட்பேடில் திறந்து, என்ன பெயர்கள் இருக்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று கவனம்: வெளியே போனவரின் பெயர் அதிலிருந்து உடனே அழியாது. லாக் கோப்பு உருவானதிலிருந்து வந்து போனவர்களின் பெயரும் கிடக்கலாம். ஆகவே அதை மட்டும் வைத்து யார் மீதும் பழி போடக் கூடாது. மூலைக் கணனியில் கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட் திறந்து, ஷேர்ட் ஃபோல்டர்ஸ் என்பதற்குள் ஓப்பன் ஃபைல்ஸ் பாருங்கள். அந்த நிமிடத்தில் எந்தக் கோப்பை யார் திறந்திருக்கிறார்கள் என்று அது சொல்லும். தரவுக் கோப்பு, படிவக் கோப்பு இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். அந்தப் பட்டியலில் இருந்தே ஒருவரின் இணைப்பைத் துண்டிக்கவும் முடியும். ஆனால் அவர் எழுதிக்கொண்டிருக்கும்போது துண்டித்தால் கோப்பு கெடலாம், ஆகவே பார்வையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.


உள்துறைமுகம் | செவ்வாய், மு.ப. 9.15

அனுமதி பார்த்தேன். இரண்டு இடத்திலும் எல்லோருக்கும் நீங்கள் சொன்ன அனுமதி இருக்கிறது. இன்று காலை ஒரு பிரச்சினையும் இல்லை. வரும்வரை காத்திருக்கிறேன்.


உள்துறைமுகம் | வியாழன், மு.ப. 10.05

இன்று வந்துவிட்டது. லாக் கோப்பில் ஒரே ஒரு பெயர், கணக்காளர் அக்காவின் கணனி. பக்கத்தில் அட்மின் என்று இருக்கிறது. ஓப்பன் ஃபைல்ஸ் பட்டியலிலும் தரவுக் கோப்புக்கு நேரே அவருடைய பெயர்தான். ஆனால் படிவக் கோப்புக்கு நேரே அவர் பெயர் இல்லை.

அவரிடம் கேட்டேன். தான் இன்று ஆக்செஸைத் தொடவே இல்லை என்கிறார். டாஸ்க் மானேஜரில் பார்த்தேன், உண்மையாகவே ஆக்செஸ் ஓடவில்லை. அவர் மிக நேர்மையானவர், பொய் சொல்ல மாட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வைரஸா?


நிலாவெளி | வியாழன், மு.ப. 10.20

வைரஸ் இல்லை. நீங்கள் மிக முக்கியமான ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். தரவுக் கோப்பு திறந்திருக்கிறது, படிவக் கோப்பு திறக்கவில்லை. உங்கள் கந்தோரில் ஆக்செஸ் வழியாக வருகிற எவரும் படிவக் கோப்பைத் தொடாமல் தரவுக்குப் போக முடியாது. ஆகவே வேறு ஏதோ ஒரு மென்பொருள் நேரடியாகத் தரவுக் கோப்பைப் பிடித்திருக்கிறது. அவருடைய கணனியில் இப்போது என்னென்ன திறந்திருக்கின்றன?


பாலையூற்று | வியாழன், மு.ப. 10.31

எக்செல். பந்தயம் கட்டுகிறேன். கணக்காளர் என்றாலே எக்செல்தான். அவருடைய ஏதாவது ஒரு எக்செல் கோப்பு இந்தத் தரவுத்தளத்திலிருந்து தரவை இழுக்கிறதா என்று கேளுங்கள்.


உள்துறைமுகம் | வியாழன், மு.ப. 10.48

ஓம்! கடன் நிலுவை அறிக்கை. முன்பு இருந்தவர்தான் இணைத்துக் கொடுத்திருக்கிறார். ரிஃப்ரெஷ் அழுத்தினால் நிலுவைகள் எல்லாம் வந்து நிறையும். மேலிடத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டிய நாட்களில் அக்கா காலையில் எல்லோருக்கும் முன்னே வந்து அதைத் திறந்து வைத்துவிட்டு வேலை பார்ப்பார். எக்செல்லை மூடச் சொன்னேன். மூடியதுதான் தாமதம், எல்லாக் கணனியிலும் தரவுத்தளம் திறந்துவிட்டது.

அவர் இன்னொன்றும் சொன்னார். சில நாட்களில் அந்த எக்செல் ரிஃப்ரெஷ் ஆகவே மாட்டாதாம். கடவுச்சொல் கேட்பது போல ஒரு பெட்டி வருமாம், கான்சல் செய்துவிட்டு மாலையில் எல்லோரும் போன பிறகு எடுப்பாராம்.


பாலையூற்று | வியாழன், மு.ப. 11.30

அப்படியானால் முழுக் கதையும் இதுதான். எக்செல்லில் ஆக்செஸ் கோப்பை இணைக்கும்போது அது தானாக எழுதிக்கொள்கிற இணைப்பு வரியில் 'மோட்' என்று ஒரு பகுதி இருக்கும். அதன் மதிப்பு வழக்கமாக 'ஷேர் டினை ரைட்'. நான் வாசித்துக்கொண்டிருக்கும்வரை வேறு யாரும் எழுதக் கூடாது என்று பொருள். அறிக்கை எடுக்கும் நடுவில் எண்கள் மாறக் கூடாது என்பதற்கு நல்ல ஏற்பாடுதான். ஆனால் எக்செல் தரவை எடுத்த பிறகும் கோப்பு மூடும்வரை இணைப்பை விடாமல் வைத்திருக்கும். அங்கேதான் ஆபத்து.

அக்கா முதலில் வந்தால் மற்ற எல்லோருக்கும் தடை. மற்றவர்கள் முதலில் எழுதும் முறையில் திறந்துவிட்டால் அக்காவின் எக்செல்லுக்கு அந்த உரிமை கிடைக்காது, அதுதான் அவருக்கு வருகிற அந்தப் பெட்டி. மூலைக் கணனியை ரீஸ்டார்ட் செய்தால் எக்செல்லின் பிடி அறுந்துவிடும், உடனே வேறு யாராவது உள்ளே நுழைந்தால் அன்றைக்குத் தப்பினீர்கள். அதற்குள் அக்கா மறுபடி ரிஃப்ரெஷ் அழுத்தினால் பழைய குருடி கதவைத் திறடி.

திருத்துவது சுலபம். அந்த எக்செல் கோப்பில் டேட்டா, கனெக்ஷன்ஸ், ப்ராப்பர்ட்டீஸ், டெஃபினிஷன் என்று போங்கள். இணைப்பு வரி ஒரு சிறிய பெட்டிக்குள் நீளமாகக் கிடக்கும். அதை நோட்பேடுக்கு எடுத்து, 'ஷேர் டினை ரைட்' என்பதை அழித்து அந்த இடத்தில் 'ரீட்' என்று போட்டு, திரும்ப ஒட்டுங்கள். வேறு ஒரு எழுத்தையும் தொடாதீர்கள். வெளியே உள்ள இணைப்புக் கோப்போடு இனி ஒத்துப்போகாது என்று எக்செல் எச்சரிக்கலாம். யெஸ் கொடுங்கள். மாற்றுவதற்கு முன் அந்த எக்செல் கோப்பை ஒரு நகல் எடுத்து வைப்பது நல்லது.

வேறு எக்செல் கோப்புகளிலும் இதே இணைப்பு இருக்கலாம். முகாமையாளரின் லாப்டொப்பையும் பாருங்கள். ஆக்செஸ் திறப்பதில்லை என்றீர்கள், எக்செல் திறப்பாரே.


மூதூர் மணல் | வியாழன், பி.ப. 12.10

இத்தனை வருடம் ஆக்செஸோடு மல்லுக்கட்டியும் இது எனக்குத் தெரியாது. எங்கள் கந்தோரிலும் அறிக்கைக்கு எக்செல்தான். போய்ப் பார்க்கிறேன்.


சீனன்குடா | வியாழன், பி.ப. 1.40

நல்லது. ஆனால் சுவிட்சுக்கு யூபிஎஸ் வையுங்கள் என்பதை நான் விடமாட்டேன். மாரி வருகிறது.


நிலாவெளி | வியாழன், பி.ப. 1.52

அண்ணை, அதில் எனக்கும் மறுபேச்சில்லை.


உள்துறைமுகம் | அடுத்த வாரம் புதன், பி.ப. 3.35

இணைப்பு வரியை மாற்றினேன். முகாமையாளரின் லாப்டொப்பிலும் அதே அறிக்கையின் பழைய நகல் ஒன்று இருந்தது, அதையும் மாற்றிவிட்டேன். அறிக்கை நாட்களும் வந்து போய்விட்டன. அக்கா எக்செல்லைத் திறந்து வைத்திருக்கிறார், முன்கவுண்டரில் தவணையும் பதிகிறார்கள். 3045 வரவே இல்லை. பாலையூற்று அண்ணாவுக்கும் நிலாவெளி அண்ணாவுக்கும் மூதூர் அக்காவுக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. காலையில் வருகிற ஐயாமார் இப்போது உடனுக்குடன் கட்டிவிட்டுப் போகிறார்கள்.

இன்னொன்று கேட்கலாமா? இது முன்பே இருந்தது, 3045 இருந்தபடியால் நான் கவனிக்கவில்லை. இரண்டு கவுண்டர் இருக்கிறது. ஒருவர் பற்றுச்சீட்டு போடும்போது மற்றவருக்கு, புதுப்பிக்க முடியவில்லை, தற்போது பூட்டப்பட்டுள்ளது என்று வருகிறது. சில வேளை 3218, சில வேளை 3260. 3260 வந்தால் மற்றக் கவுண்டரின் கணனிப் பெயரையும் சேர்த்துக் காட்டுகிறது. சில வினாடிகளில் தானாகச் சரியாகும். சில வேளை நிமிடக் கணக்கில் நிற்கும்.


கிண்ணியாப் பாலம் | புதன், பி.ப. 4.20

எத்தனை ஓட்டைதான் அடைப்பீர்கள்? எட்டுப் பேர் காசு பதிகிற இடத்தில் ஆக்செஸ் கோப்பைப் பொது ஃபோல்டரில் வைத்து ஓட்டுவதே பிழை. எஸ்.க்யூ.எல். சர்வர் எக்ஸ்பிரஸ் என்கிற தரவுத்தள சர்வர் மென்பொருள் இலவசம். தரவை அதற்கு மாற்றுங்கள், படிவங்களை ஆக்செஸிலேயே வைத்து இணைத்துக்கொள்ளலாம். பூட்டு வேலை எல்லாம் சர்வரே பார்த்துக்கொள்ளும். கோப்பை யாரும் நேரடியாகத் தொடமாட்டார்கள். கரண்ட் போனாலும் பாதி எழுதியதைத் தானே திரும்ப எடுத்துவிடும். ஆக்செஸ் கோப்பு 2 ஜிபிக்கு மேல் வளராது, அதில் அதைவிடப் பல மடங்கு போகலாம்.


நிலாவெளி | புதன், பி.ப. 7.15

நீண்ட காலத்துக்கு நீங்கள் சொல்வது சரி. ஆனால் அதைச் செய்ய ஒருவர் வேண்டும், செய்த பிறகு தினமும் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும். செய்து தந்தவர் வெளிநாட்டில், இருப்பவர் கவுண்டர் வேலைக்கு நடுவில் இதைப் பார்க்கிறார். சர்வர் மாற்றினாலும் இந்த இரண்டாவது பிரச்சினை அப்படியே கூட வரும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் இது படிவத்துக்குள் எழுதியிருக்கிற விதத்தில் வருகிறது. எட்டுப் பேருக்கு ஆக்செஸ் தாராளமாகத் தாங்கும்.

தம்பி, இதைப் பாருங்கள். பற்றுச்சீட்டு இலக்கம் எங்கிருந்து வருகிறது? ஆக்செஸ் தானே கொடுக்கிற ஆட்டோநம்பரா, அல்லது 'அடுத்த இலக்கம்' என்று ஒரே ஒரு வரி உள்ள அட்டவணை ஏதாவது இருக்கிறதா? படிவத்தின் ப்ராப்பர்ட்டியில், பதிவை எப்படிப் பூட்டுவது என்று சொல்கிற ரெக்கார்ட் லாக்ஸ் என்ன என்று இருக்கிறது?


கிண்ணியாப் பாலம் | புதன், பி.ப. 7.40

சரி, அதில் நியாயம் இருக்கிறது. மாற்றுவதாக இருந்தால் முதலில் எழுத்துருவைப் பாருங்கள் என்று மட்டும் சொல்லி வைக்கிறேன். பழைய தரவுத்தளங்களில் அங்கத்தவர் பெயரைப் பாமினியில் அடித்திருப்பார்கள். பார்க்கத் தமிழாகத் தெரியும், உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்துகள். யுனிகோடுக்கு மாற்றாமல் கொண்டுபோனால் பெயர் தேடவே முடியாது. பாதி பாமினி, பாதி யுனிகோட் என்று கலந்து கிடந்தால் இன்னும் தலையிடி.


உள்துறைமுகம் | வியாழன், மு.ப. 9.50

பாமினி கலந்துதான் கிடக்கிறது. அதற்குத் தனியாக ஒரு நாள் வருகிறேன்.

நிலாவெளி அண்ணா, நீங்கள் சொன்ன மாதிரியே ஒரே வரி உள்ள அட்டவணை ஒன்று இருக்கிறது, அதில் அடுத்த பற்றுச்சீட்டு இலக்கம். ரெக்கார்ட் லாக்ஸ் என்பது எடிட்டட் ரெக்கார்ட். சேமிக்கும் பொத்தானின் நிரலைப் பார்த்தேன். எனக்கு விளங்கியவரை, முதலில் பிகின் டிரான்ஸ் என்று தொடங்குகிறது, இலக்கத்தை எடுத்து ஒன்று கூட்டி எழுதுகிறது, தவணையைப் பதிகிறது, அங்கத்தவரின் நிலுவையைக் குறைக்கிறது, பிறகு பற்றுச்சீட்டை அச்சிடவா என்று கேட்கிறது, ஓம் என்றால் அச்சிடுகிறது, கடைசியில் கமிட் டிரான்ஸ்.


நிலாவெளி | வியாழன், மு.ப. 10.25

அச்சிடவா என்ற கேள்வி கமிட்டுக்கு முன்னால் இருக்கிறது. அங்கேதான் உங்கள் நிமிடங்கள் போகின்றன.

பிகின் டிரான்ஸ் தொடங்கி, எல்லாவற்றையும் உறுதியாகச் சேமிக்கிற கமிட் வரும்வரை தொட்ட எல்லா வரிகளும் பூட்டப்பட்டே இருக்கும். அந்த ஒரே வரி அட்டவணையும் அதில் ஒன்று. ஒரு கவுண்டரில் அச்சிடவா என்ற பெட்டி திரையில் நிற்கும்போது, காசாளர் மிச்சக்காசு எண்ணுகிறார், அல்லது பிரிண்டரில் தாள் வைக்கிறார், அல்லது யாரோ கூப்பிட எழுந்து போகிறார். அவர் திரும்பி வந்து ஓம் அழுத்தும்வரை மற்றக் கவுண்டருக்கு அடுத்த இலக்கம் கிடைக்காது. யார் மீதும் பிழை இல்லை. நிரல் அப்படி எழுதப்பட்டிருக்கிறது.

கமிட் டிரான்ஸ் வரியை அந்தக் கேள்விக்கு மேலே கொண்டுபோங்கள். சேமித்து, பூட்டை விட்டுவிட்டு, அதன் பிறகு ஆறுதலாக அச்சிடவா என்று கேட்கட்டும். பூட்டு வைத்துக்கொண்டு மனிதரின் பதிலுக்காக ஒரு நிரல் காத்திருக்கவே கூடாது. பிழை வந்தால் ரோல்பேக் போகிற, அதாவது செய்ததைத் திரும்ப எடுக்கிற, பகுதி கீழே இருக்கும். கமிட் மேலே போன பிறகு, அச்சில் வருகிற பிழைக்கு அது ரோல்பேக் செய்ய முயலாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.


பாலையூற்று | வியாழன், மு.ப. 11.15

சில வினாடிப் பூட்டுக்கு என் பங்கு. ஆக்செஸ் தரவை 4 கிலோபைட் பக்கங்களாக வைக்கிறது. பக்க அளவில் பூட்டினால் ஒருவர் ஒரு அங்கத்தவரைத் திருத்தும்போது அதே பக்கத்தில் கிடக்கிற பக்கத்து இலக்க அங்கத்தவர்களும் சேர்ந்து பூட்டுப்படுவார்கள். ஒரே வள்ளத்துக்காரர்கள் ஒரே நாளில் சங்கத்தில் சேர்ந்திருப்பார்கள், ஒன்றாகத்தான் கட்டவும் வருவார்கள். அவர்களுடைய வரிகள் ஒரே பக்கத்தில் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

ஃபைல், ஆப்ஷன்ஸ், கிளையன்ட் செட்டிங்ஸ் போய்க் கீழே பார்த்தால் ரெக்கார்ட் அளவில் பூட்டித் திற என்று ஒரு பெட்டி இருக்கும். அது எல்லாக் கணனியிலும் டிக் ஆகியிருக்க வேண்டும். முதலில் திறக்கிறவரின் அமைப்புத்தான் அன்றைக்கு எல்லோருக்கும் செல்லும். ஒரு கணனியில் டிக் இல்லாமல் இருந்து அந்த ஆள் முதலில் வந்தால் மற்றவர்களின் டிக்குக்குப் பலன் இல்லை. அதே பக்கத்தில் டிஃபால்ட் ஓப்பன் மோட் ஷேர்ட் என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். எக்ஸ்க்ளூசிவ் என்று இருந்தால் பழைய வியாதி வேறு வழியாக வரும்.

நிலுவையை அங்கத்தவரின் வரியில் எழுதி வைப்பதையும் ஒரு நாள் யோசியுங்கள். கடன் தொகையிலிருந்து கட்டிய தவணைகளைக் கழித்தால் நிலுவை கிடைக்கும். தேவைப்படும்போது கணக்கிட்டால் போதும். அப்போது ஒவ்வொரு தவணையும் புதிதாக ஒரு வரி சேர்ப்பது மட்டும்தான், யாருடைய வரியையும் யாரும் திருத்த வேண்டியதில்லை. பூட்டுச் சண்டைக்கு அங்கே இடமே குறைவு.


மூதூர் மணல் | வியாழன், பி.ப. 12.30

இந்த இழையைப் பிறகு தேடி வருகிறவர்களுக்காக ஒன்றைப் பதிந்து வைக்கிறேன். தரவுத்தளம் முரணான நிலையில் உள்ளது என்ற செய்தி வந்து, ஆக்செஸ் தானே திருத்தவா என்று கேட்டால், அது இந்த இரண்டும் இல்லை. 2018இல் வந்த விண்டோஸ் 10இன் 1803 வெளியீட்டோடு அது பலருக்கு வந்தது. கோப்பு இருக்கும் கணனியின் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் அமைப்புகள் கிடக்கிற இடம்), லான்மான் சர்வர் பாராமீட்டர்ஸ் என்ற இடத்தில் டிஸேபிள் லீசிங் என்று ஒரு மதிப்பை 1 ஆக வைக்கச் சொன்னார்கள். எங்களுக்கு அதில் நின்றது. இப்போது புதுப்பித்த விண்டோஸ் என்றால் முதலில் அதைத் தொட வேண்டாம்.


உள்துறைமுகம் | வெள்ளி, பி.ப. 4.45

கமிட் வரியை மேலே கொண்டுபோனேன். கந்தோர் பூட்டிய பிறகு இரண்டு கணனியில் திறந்து வைத்து, ஒன்றில் அச்சிடவா என்ற பெட்டியை அப்படியே விட்டுவிட்டு மற்றதில் பதிந்து பார்த்தேன். பதிகிறது. ரெக்கார்ட் அளவுப் பூட்டு மூன்று கணனிகளில் டிக் இல்லாமல் இருந்தது, போட்டுவிட்டேன். நிலுவையை மாற்றுவது கணக்காளர் அக்காவோடு கலந்து பேசிச் செய்ய வேண்டிய விஷயம், கணக்காய்வுக்குப் பிறகு பார்ப்போம் என்றார்.

நிரலை மாற்றும்போது ஒன்று கவனித்தேன். நான் படிவக் கோப்பின் வடிவமைப்பைத் திருத்தத் திறந்திருந்தபோது இன்னொருவர் உள்ளே வர முயன்றார், அவருக்கு என் கணனிப் பெயரோடு 3734ஆம் இலக்கப் பிழை வந்தது.


நிலாவெளி | வெள்ளி, பி.ப. 6.10

அது எட்டுப் பேரும் ஒரே படிவக் கோப்பைத் திறப்பதால் வருகிறது. தரவுக் கோப்பு மட்டும்தான் பொது ஃபோல்டரில் இருக்க வேண்டும். படிவக் கோப்பு ஒவ்வொருவருடைய கணனியிலும் தனி நகலாக இருக்க வேண்டும். முன்பு செய்தவர் இரண்டாகப் பிரித்தே வைத்திருக்கிறார், கடினமான பாதி வேலை முடிந்திருக்கிறது. மூலப் பிரதியைப் பொது ஃபோல்டரில் வைத்து, டெஸ்க்டாப் ஷார்ட்கட்டை, கட்டளைகள் எழுதிய ஒரு சிறிய பாட்ச் (.bat) கோப்புக்கு மாற்றுங்கள். அது மூலப் பிரதியைச் சி டிரைவுக்கு நகல் எடுத்து, அந்த நகலைத் திறக்கும். பிறகு நீங்கள் எந்த நேரமும் உங்கள் பிரதியில் திருத்தலாம், முடிந்ததும் மூலத்தை மாற்றினால் அடுத்த நாள் காலை எல்லோருக்கும் புதியது போய்விடும். அட்டவணை இணைப்புகள் மட்டும் டிரைவ் எழுத்தில் இல்லாமல், மூலைக் கணனியின் பெயரில் தொடங்கும் முழுப் பாதையில் இருக்கட்டும். ஒரு கணனியில் இசட், இன்னொன்றில் ஒய் என்று இருந்தால் குழம்பும்.


உள்துறைமுகம் | வெள்ளி, பி.ப. 6.40

விளங்கியது அண்ணா. நாளை சனி, அரை நாள்தான். மத்தியானம் எல்லோரும் போன பிறகு செய்கிறேன். முதலில் இரண்டு கோப்பையும் பென் டிரைவில் எடுத்து வைத்துவிடுவேன்.


நிலாவெளி | வெள்ளி, பி.ப. 6.52

எடுங்கள். எடுப்பதற்கு முன் ஃபோல்டரில் லாக் கோப்பு போய்விட்டதா என்று பாருங்கள். கிடந்தால் யார் என்று ஓப்பன் ஃபைல்ஸில் தேடி, மூடச் செய்துவிட்டு எடுங்கள். ஒருவர் எழுதிக்கொண்டிருக்கும்போது எடுத்த நகல் பாதிப் பதிவோடு இருக்கக்கூடும், தேவைப்படும் நாளில் திறக்காது. எடுத்த நகலை உங்கள் கணனியில் ஒரு முறை திறந்து, கடைசிப் பற்றுச்சீட்டு இலக்கம் சரியா என்று பார்த்த பிறகு வேலையைத் தொடங்குங்கள்.